மூன்று வருஷம், 76 செஷன்: ஒரு பெண்ணிய தெரபிஸ்ட்டிடம் போன அனுபவம்

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வயது 41. மூன்று வருஷத்துக்கு முன்னால் விடிகாலை நாலரைக்குக் கண் விழிக்கும்போதே நெஞ்சு படபடக்கும். பத்தாம் வகுப்பில் பாதிக் கணக்கு போட்டுவிட்டு போர்டைப் பார்த்தபடி நிற்பேன், அடுத்த வரி வராது. பிள்ளைகள் சிரிக்கக்கூட இல்லை, பயந்துபோய்ப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் யாரிடமாவது போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது உள்ளூரில் ஒரு கவுன்சிலரிடம். இருபது நிமிஷம் கேட்டார். "வீட்டுக்காரர் குடிக்கிறாரா, அடிக்கிறாரா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "அப்புறம் என்னம்மா? கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லி மூச்சுப் பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார். இரண்டாவது ஆள் ஆன்லைனில் கிடைத்தவர். பெண்ணியவாதி என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டாவது செஷனிலேயே, "இது டாக்ஸிக் மேரேஜ், வெளிய வந்துடுங்க" என்றார். வந்து எங்கே போவது? பிள்ளைகளுக்கு 12, 9 வயது. என் ஏடிஎம் கார்டு வீட்டுக்காரரிடம் இருந்தது. அதைப் பற்றி அந்தம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒருவர் இரு என்றார், இன்னொருவர் போ என்றார். என்ன செய்ய வேண்டும் என்பது என்னைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அந்த ஒற்றுமை எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது.

மூன்றாவது ஆள் கிடைத்தது கூட வேலை பார்க்கும் டீச்சரின் தங்கை மூலம். அந்தத் தங்கை பெண்களுக்கான ஒரு தொண்டு அமைப்பில் இருக்கிறார். தேடுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கூகுளில் தேடுவதைவிட, குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களோடு அலைகிறவர்களைக் கேளுங்கள். யாரிடம் போனவர்கள் திரும்பவும் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்ணிய தெரபிஸ்ட் என்று தனியாகப் பட்டமோ லைசென்ஸோ கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பெண்ணியம் என்பது அவருடைய பார்வை. பேசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதல் போன் காலில் நான்கு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். நான் கணவரோடு சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்தால் என்ன செய்வீர்கள்? நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள்? சாதி பற்றிப் பேசலாமா? காசு குறைத்துக்கொள்வீர்களா? முதல் கேள்விக்கு, "அது உங்க முடிவு. சேர்ந்து வாழ்றதுக்கு உங்களுக்கு என்ன வேணும்னு சேர்ந்து யோசிக்கலாம்" என்றார். இரண்டாவதற்கு, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ கோர்ட் கேட்டாலோ சொல்ல வேண்டி வரலாம், மற்றபடி தன் வேலையை மேற்பார்க்கும் சீனியரிடம் பெயர் சொல்லாமல் விவாதிப்பேன் என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. காசு ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய், எனக்கு 700 ஆகக் குறைத்தார்.

செஷன் வாரம் ஒன்று, 50 நிமிஷம், கூகுள் மீட்டில். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவேன். ஆரம்பத்தில் அவரை மேடம் என்றேன், அவர் என்னைவிட நான்கு வயது சின்னவர். "நீங்க மேடம்னா நானும் மேடம்னே கூப்பிடறேன்" என்றார். இரண்டு வாரம் ஒருவரையொருவர் மேடம் போட்டுக்கொண்டிருந்தோம், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இப்போது பெயரும் வாங்க போங்கவும். இது விளையாட்டு இல்லை, இந்த முறையில் இதுவும் ஒரு வேலை என்று பிறகு புரிந்தது. தெரபிஸ்ட் மேலே, வந்தவள் கீழே என்ற ஏற்பாட்டை முடிந்தவரை குறைக்கிறார்கள். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்கிறார்கள். அதற்காக அவரும் நானும் சமம் ஆகிவிடவில்லை, காசு கொடுப்பவள் நான், நோட்டு எழுதுகிறவர் அவர். அதையும் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

முதல் மாதத்தில் ஒரு நாள், "நான் மனநோயாளியா?" என்று கேட்டேன். அப்போதுதான் 1970இல் அமெரிக்காவில் ப்ரோவர்மன் குழுவினர் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். மனநலத் துறையில் வேலை செய்யும் 79 பேரிடம், ஆரோக்கியமான ஆண் எப்படி இருப்பான், ஆரோக்கியமான பெண் எப்படி இருப்பாள், ஆண் பெண் என்று சொல்லாமல் ஆரோக்கியமான மனிதர் எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். மனிதருக்குச் சொன்னதும் ஆணுக்குச் சொன்னதும் ஏறக்குறைய ஒன்று. ஆரோக்கியமான பெண் மட்டும் அடங்கிப் போகிறவள், சுலபமாக மனம் புண்படுகிறவள். அதாவது நல்ல பெண்ணாக இருந்தால் முழு மனிதர் இல்லை, முழு மனிதராக இருந்தால் நல்ல பெண் இல்லை. கணக்கு டீச்சருக்கு இது சட்டென்று புரிந்தது. தீர்வே இல்லாத சமன்பாட்டைக் கொடுத்துவிட்டு, விடை வரவில்லை என்று பிள்ளையை அடிக்கிற மாதிரி. 1960களின் கடைசியில் அங்கே பெண்கள் வீட்டுக் கூடங்களில் கூடித் தங்கள் கதைகளைப் பேச, எல்லோர் கதையும் ஒன்றுபோல இருந்ததைப் பார்த்ததில் இருந்துதான் இந்தத் தெரபி கிளம்பியது என்றார்.

வீட்டுப்பாடங்கள்தான் எனக்கு அதிகம் உதவின. பெண்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பழமொழிகளை எழுதி, பக்கத்தில் யார் சொன்னார், அதனால் யாருக்கு லாபம் என்று எழுதச் சொன்னார். பெண் புத்தி பின் புத்தி, கல்லானாலும் கணவன், பொம்பள சிரிச்சா போச்சு என்று இருபத்திமூன்று வந்தன. பதினாறு என் அப்பாயி சொன்னவை! எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரபிஸ்ட் கேட்டார்: "அதைச் சொல்லாம இருந்திருந்தா அவங்களுக்கு அந்த வீட்ல இடம் இருந்திருக்குமா?" அப்பாயி பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள். கொழுந்தன் வீட்டில் சோறு. அன்றைக்கு முழுக்க அவளுக்காக அழுதேன்.

இன்னொன்று 24 மணி நேரத் தாள். யார் எவ்வளவு நேரம் வேலை, எந்த முடிவை யார் எடுக்கிறார்கள். ஸ்கூல் வேலை தவிர எனக்கு வீட்டு வேலை 6 மணி 40 நிமிஷம். வீட்டுக்காரருக்கு பைக் துடைப்பதையும் சேர்த்து 35 நிமிஷம். முடிவுகளில் என்ன குழம்பு என்பது என் துறை. ஃபிரிட்ஜ் அவர். பெரியவனுக்கு எந்த ஸ்கூல் என்பதை முடிவு செய்தது என் கொழுந்தனார். அப்பாயிக்குச் சோறு, எனக்கு ஸ்கூல்!

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பார்க்கிற சிபிடி (CBT) என்ற வழக்கமான தெரபி முறையில் எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள், அதையும் செய்தோம். கூடுதலாக ஒரு கட்டம்: இதை முதலில் உங்களிடம் சொன்னது யார்? எல்லாவற்றையும் சமூகத்தின் தலையில் கட்டிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். மூன்றாவது வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 8.4, ரத்தசோகை. மனநல மருத்துவரிடமும் அனுப்பினார், 11 மாதம் மாத்திரை எடுத்தேன்.

பிடிக்காததும் உண்டு. வார்த்தைகள் பெரும்பாலும் ஆங்கிலம். மற்றவர்கள் நம்மிடம் எதுவரை வரலாம் என்று நாம் போடும் எல்லையை பவுண்டரி பவுண்டரி என்பார், எனக்குக் காம்பவுண்டுச் சுவர்தான் ஞாபகம் வரும். அப்பாவின் வயலைச் சொல்லி நான்தான் வரப்பு என்று மாற்றினேன். வரப்பில் மடை உண்டு, வேண்டும்போது திறந்து தண்ணீர் விடலாம். இப்போது அவரும் வரப்பு என்கிறார். இன்னொரு குறை, மெதுவாகத்தான் நகர்கிறது. ஏடிஎம் கார்டைத் திரும்ப வாங்க எட்டு மாதம் ஆனது. என்ன பேசுவது, வீட்டுக்காரர் கத்தினால் என்ன செய்வது என்று செஷனில் ஆறு தடவை ஒத்திகை பார்த்தோம். கடைசியில் அவர் கத்தவே இல்லை. "கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

செலவுக் கணக்கு: முதல் எட்டு மாதம் வாரம் ஒன்று, அதில் விட்டுப்போனது போக 30 செஷன். அடுத்த ஒன்றரை வருஷத்தில் 36. சம்பளம் கூடியதால் கடைசி 10 செஷனுக்கு நானே 1,000 ஆக்கினேன். மொத்தம் 56,200 ரூபாய். மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்காமல் பேசிவிட்டு வருகிற என் செலவுக்கு என் பாலிசியில் இடமில்லை. காசு முடியாதவர்கள் அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். ஆனால் வாராவாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து போவது போல அது இருக்காது. வீட்டில் அடி விழுகிறது என்றால் முதலில் பெண்கள் உதவி எண் 181. அந்த நிலையில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிறேன் என்கிற தெரபிஸ்ட்டிடம் போகாதீர்கள். அங்கே சொன்னதற்கு வீட்டில் வாங்க வேண்டி வரும்.

இரண்டாம் வருஷத்தில்தான் நான் எதிர்பார்க்காத இடம் வந்தது. ஸ்கூல் நிர்வாகம் எங்களை எப்படி நடத்துகிறது என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். "உங்க 24 மணி நேரத் தாள்ல பாத்திரம் கழுவுற நேரம் இல்லையே, அது யாரு?" என்று கேட்டார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பேன். அவருக்கென்று தனி டம்ளர், ஜன்னல் திண்டில். கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது, அது என் கண்ணில் பட்டதே இல்லை. நான் என் மாமியாரைக் காரணம் காட்டினேன். தெரபிஸ்ட் பதில் சொல்லவில்லை, காத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு செஷனுக்குப் போகவில்லை. முன்பு போன இரண்டு பேரிடமும் கோபம் வந்த பிறகு நான் திரும்பப் போனதில்லை, இவரிடம் திரும்பப் போனேன். டம்ளர் போய்விட்டது. மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு லீவு. மாமியார் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா இன்னும் அடுப்படி வாசலில் நின்றபடிதான் டீ குடிக்கிறார், உட்காரச் சொன்னால் "இருக்கட்டும் டீச்சர்" என்கிறார். வற்புறுத்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் போன மாதம் பேசினோம்.

இப்போது மாதம் ஒரு செஷன். படபடப்பு வருஷத்தில் நான்கைந்து முறை எட்டிப் பார்க்கிறது. நிறுத்திக்கொள்ளலாமா என்று தெரபிஸ்ட்டே கேட்கிறார், நான்தான் இன்னும் கொஞ்ச நாள் என்கிறேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. மேலே தூக்கிவந்து போட்டது என் வீட்டுக்காரர். எதற்கு என்று கேட்கவில்லை.