சாவியை முன்கூட்டியே வாங்கலாமா? பழைய வீடு வாங்குவோருக்கு மூன்று வழிகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) எஸ்.பி.ஏ. எனும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 10 விழுக்காடும் கட்டிய அன்றே ஏஜெண்டு சொன்னார்: "அண்ணே, சாவிய வாங்கி வேலைய ஆரம்பிச்சிடுங்க. தீபாவளிக்குள்ள பால் காய்ச்சிடலாம்." கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பழைய வீடு வாங்கும்போது மீதி 90 விழுக்காட்டைக் கட்ட வழக்கமாக 3 மாதத் தவணை, அதற்கு மேல் வட்டியோடு 1 மாதம். அந்தப் பணம் சேரும்வரை வீடு விற்பவருடையதுதான். நில அலுவலக ஒப்புதல் தேவைப்படும் லீஸ்ஹோல்ட் (குத்தகை நில) வீடு என்றால், அது கிடைத்த பிறகுதான் அந்த 3 மாதத்தையே எண்ணத் தொடங்குவார்கள். இடைப்பட்ட காலத்தில் உள்ளே போக மூன்று வழிகள் உண்டு.

நாங்கள் எடுத்தது முதல் வழி: சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. செலவில்லை. ஆனால் எத்தனை முறை போகலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விற்பவரின் மனநிலையைப் பொறுத்தது. எங்களுக்கு இரண்டு முறை கிடைத்தது. முதல் முறை விற்பவரின் மனைவி தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். தேநீர் குடித்த வாயோடு எப்படிக் கழிப்பறையை எட்டிப் பார்ப்பது? இரண்டாம் முறை வேண்டுமென்றே மழை கொட்டிய சாயங்காலம் போனோம். ஹாலில் முருகன் காலண்டருக்குக் கீழே சுவர் ஈரம் பூத்திருந்தது. காலண்டரைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்பி நின்றது. மேல்வீட்டுக் குழாய்க் கசிவு. பழைய வீட்டை இருக்கிற நிலையிலேயேதான் விற்பார்கள் என்பதால் பழுதுபார்க்கச் சொல்லிச் சட்டம் பேச முடியவில்லை. ஆனாலும் கேட்டோம், மனிதர் பாதிச் செலவை ஏற்றார்.

இரண்டாவது, ஏஜெண்டு சொன்னது: வக்கீல் மூலம் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்துச் சாவியை முன்கூட்டியே வாங்கி ரினோவேஷனைத் தொடங்குவது. நேரம் மிச்சம், உண்மைதான். ஆனால் வங்கிக் கடன் நின்றுபோனால்? 5 லட்சம் வெள்ளி வீட்டில் 50,000 வெள்ளி வைப்புத்தொகை பறிபோகலாம். அதற்கு மேல் நீங்கள் போட்ட சீலிங்கும் கிரில்லும் விற்பவருக்கே. இடித்த சுவரைத் திரும்பக் கட்டிக்கொடு என்றும் கேட்பார். வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு, மின்சார பில் எந்தத் தேதியிலிருந்து யாருடையது, எல்லாமே அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். "எல்லாரும் செய்றதுதான்" என்பது கடிதம் ஆகாது. என்னைக் கேட்டால், கடன் பணம் வங்கியிலிருந்து கிளம்பும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள். அளவெடுப்பதற்கும் பெயின்ட் நிறம் பார்ப்பதற்கும் முதல் வழியே போதும்.

மூன்றாவது வழி, பழைய வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டியவர்களுக்கு: வாங்கப்போகும் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது. தனி வாடகை ஒப்பந்தம் போட்டு முத்திரை வரி கட்ட வேண்டும். கொடுக்கும் வாடகை, எழுதிக்கொண்டால் ஒழிய, வீட்டு விலையில் கழியாது. இதற்கு விற்பவர்கள் தயங்குவது நியாயம்தான். விற்பனை முறிந்த பிறகும் நீங்கள் நகர மறுத்தால், 1950ஆம் ஆண்டு 'குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்' (Specific Relief Act) 7ஆம் பிரிவுப்படி அவர் நீதிமன்றம் போயாக வேண்டும். பூட்டை மாற்றிவிட்டுப் போக முடியாது. அதனால்தான் கூடுதல் முன்பணம் கேட்பார்கள்.

சாவி கையில் இல்லாவிட்டால் விற்பவர் வீட்டை வேறு யாருக்காவது விற்றுவிடுவார் என்ற பயம்தான் பலரை இரண்டாவது வழிக்குத் தள்ளுகிறது. அதற்கு மருந்து சாவி அல்ல, கேவியட் எனும் தடைப்பதிவு. உங்கள் வக்கீல் நில அலுவலகத்தில் அதைப் பதிந்தால், உங்களைத் தாண்டி வேறொருவர் பெயருக்கு வீடு மாறாது.

நாங்கள் தீபாவளியைப் பழைய வாடகை வீட்டிலேயே கொண்டாடினோம். பொங்கலுக்குத்தான் சாவி வந்தது. மின்சார மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக அந்தச் சுவரைச் சுரண்டினோம்.