விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்: பழைய கருவிதான், ஆனால் தவிர்க்க முடியாதது

விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருந்துவரும் டிவைஸ் மேனேஜர், தோற்றத்தில் பழையதாக இருந்தாலும், வீட்டுக் கணினியில் எந்த வன்பொருள் மக்கர் செய்கிறது என்று பார்க்க இன்றும் முதலில் திறக்க வேண்டிய கருவியாகும். மஞ்சள் முக்கோணம் தெரியும் சாதனத்தை இருமுறை சொடுக்கினால், டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நிறுவப்படவில்லை என்பதைக் குறிக்கும் 28 போன்ற பிழை எண் கிடைக்கும். 'அறியப்படாத சாதனம்' என்று அது கைவிரிக்கும்போதும், விவரங்கள் பகுதியிலுள்ள வன்பொருள் அடையாளத்தில் தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் இன்டெல், 1002 என்றிருந்தால் ஏஎம்டி என்று அறிந்து, உரிய தளத்திலிருந்து (மடிக்கணினியானால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளமே மேல்) டிரைவரைப் பெறலாம். புதிய டிரைவரால் ஒலி கெட்டால் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் பழையதை மீட்டுத் தரும். முந்தைய பதிப்பு சேமிப்பில் இல்லையெனில் அது மங்கிக் கிடக்கும். தானாகத் தேடும் வசதிதான் ஏமாற்றமளிக்கிறது: சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது என்றே பெரும்பாலும் பதில் வருகிறது.