ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்: பதிவது சுலபம், பொருத்தம் அமைவதுதான் தாமதம்

மறதிநோய் ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களையும் தன்னார்வலர்களையும் இணைக்க, பிரிட்டனில் 2015-இல் வந்த இணையதளச் சேவை இது. 18 வயது நிரம்பியிருந்தால் போதும். நோய் இருக்கவேண்டும் என்பதில்லை. நோயுள்ளவர் சார்பில் வீட்டாரும் பதியலாம். கட்டணம் கிடையாது.

பதிவில் பலர் கோட்டைவிடுவது உடல்நல விவரங்களில். அதை வைத்துத்தான் தளம் உங்களுக்கு ஏற்ற ஆய்வுகளைப் பொருத்திப் பார்க்கும்; அரைகுறையாக விட்டால் பொருந்தாத ஆய்வுகள்தான் வரும். மாத்திரைப் பட்டியலை அளவோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்; மருந்து மாறினால் திருத்துங்கள். தளம் 'பொருந்துகிறது' என்றாலும் அது முதல் வடிகட்டல்தான். ஆய்வுக்குழு மறுபடி விசாரிக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேனிலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் முதுகுத் தண்டுவட நீர் எடுப்பதிலும் தடை வரலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை: எத்தனை தடவை வரவேண்டும், துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு உண்டா, தனிப்பட்ட முடிவுகளைச் சொல்வார்களா. பல ஆய்வுகள் சொல்வதில்லை. இலவச ஹெல்த் செக்கப் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

நினைவாற்றல் சோதனைக்குக் கண்ணாடி, காதுக்கருவி இரண்டும் அவசியம். காதில் விழாத சொல்லும் மறந்த சொல்லாகவே கணக்காகிவிடும்!

பல்கலைக்கழக நகரங்களிலிருந்து தள்ளியிருப்பவர்களுக்கு நேரில் போகும் ஆய்வுகள் குறைவு. வீட்டிலிருந்தே முடிக்கும் கேள்வித்தாள் ஆய்வுகளைத் தேடுவது மேல்.