காட்பாடி–அரக்கோணம் மெமு: எந்தப் பெட்டியில் உட்காரலாம்?

காட்பாடியிலிருந்து அரக்கோணம் சுமார் 60 கி.மீ. முகுந்தராயபுரம், வாலாஜா ரோடு, சோளிங்கர் என்று நின்று நின்று போகும் மெமுவில் (குறுந்தொலைவு மின்சாரப் பயணிகள் ரயில்), உட்காரும் இடம்தான் உடம்பு வலியைத் தீர்மானிக்கிறது.

போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்கள், பெட்டியின் இரு முனைகளிலும் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலே உட்கார்ந்தால் ஒவ்வொரு பாயிண்டும் (தண்டவாளம் பிரியும் இடம்) முதுகெலும்பில் தெரியும். நடுப்பகுதிதான் நிம்மதி. ரயிலை ஓட்டும் மோட்டார் உள்ள பெட்டியில் இரைச்சலும் அதிர்வும் கூடுதல், தவிர்த்துவிடுங்கள்.

பழைய ரேக்குகளில் (பெட்டித் தொடர்களில்) சுருள் ஸ்பிரிங். த்ரீ-பேஸ் மின் மோட்டார் கொண்ட புதிய ரேக்குகளில் காற்று ஸ்பிரிங். கூட்டம் நெருக்கியடித்தாலும் பெட்டி தணியாது, ஆட்டமும் மெத்தென்று இருக்கும். ஆனால் காற்று கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மேல் பெட்டி உட்கார்ந்துவிடும், பிறகு குலுக்கல்தான். வேகத்துக்கேற்ப ‘டக் டக்’ என்று சீராக அடித்தால், பிரேக்கில் வழுக்கிச் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கிறது என்று அர்த்தம். பெட்டி மாறிக்கொள்ளுங்கள்.

பெரிய குறை இருக்கைதான். மூன்று பேர் இருக்கையில் மூன்றாமவரின் ஒரு தொடை நடைபாதையில் தொங்குகிறது. சாய்மானம் ஏறக்குறைய செங்குத்து. துண்டை நான்காக மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்தால் கொஞ்சம் தாங்கும். மார்கழி, தை காலைகளில் அரக்கோணம் பக்கம் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வலப்பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும்.