ஊருக்குள் 40 சென்ட்டா, ஊர் ஓரத்தில் ஓர் ஏக்கரா?

வீடுகள் பெருகிவிட்ட ஒரு புதுப் பகுதிக்கு அரசுத் தொடக்கப் பள்ளி வேண்டும் என்று ஊர் கூடிப் பேசினால், பெரும்பாலும் இரண்டு இடங்கள் பேச்சில் வரும். ஒன்று, ஊருக்குள்ளேயே தார் ரோட்டை ஒட்டிய 40 சென்ட் புறம்போக்கு. இன்னொன்று, நல்ல மனசுக்காரர் ஒருவர் தானமாகத் தர முன்வரும் ஓர் ஏக்கர். அது வயல்களுக்கு நடுவே இருக்கும். கூட்டத்தில் கைதட்டு வாங்குவது இரண்டாவதுதான். செலவில்லை, விசாலமாக இருக்கிறது, விளையாட்டுத் திடலுக்கும் இடம் உண்டு. ஆனாலும் தொடக்கப் பள்ளி என்றால் என் ஓட்டு அந்த 40 சென்ட்டுக்குத்தான். காரணம் பாதை.

தான நிலத்தின் எப்.எம்.பி. படத்தை, அதாவது நில எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடத்தை, எடுத்து வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். தரையில் டிராக்டர் போய்வந்த தடம் தெரியும். படத்தில் பல நேரம் அது இருக்காது. அதாவது அந்தத் தடம் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். இன்று வழி விடுகிறவர் நாளைக்கு நிலத்தை விற்றால், வாங்கியவர் கம்பி வேலி போடுவார். கோர்ட்டுக்குப் போய் அனுபவ உரிமை கேட்கலாம்தான். தீர்ப்பு வருவதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியை விட்டே போயிருக்கும்.

சரி, பாதையை விலைக்கு வாங்கிவிடலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தார் ரோட்டிலிருந்து 200 மீட்டர் உள்ளே இருக்கிறது பள்ளி. பாதை 6 மீட்டர் அகலம். மொத்தம் 1,200 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 30 சென்ட். சும்மா கிடைத்த ஓர் ஏக்கருக்காக 30 சென்ட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதுவும் மூன்று நான்கு பட்டாதாரர்களிடம். ஒருவர் மறுத்தாலும் பாதை நடுவிலேயே நின்றுவிடும். அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜல்லி லாரி, காலை உணவுக்கான கேஸ் சிலிண்டர் வண்டி, 108 ஆம்புலன்ஸ் எல்லாம் அதில்தான் வர வேண்டும். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தவர்கள் நாம். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத இடத்தில் இன்னொரு பள்ளி நமக்கு வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் தருகிறது: வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். ஊரிலிருந்து பள்ளிக்குப் போகும் சாலை என்று அதில் தனி வரி கிடையாது. அதனால்தான் கட்டடத்துக்குத் திட்ட மதிப்பீடு போடும்போது பாதை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓர் ஏக்கருக்கும் நியாயம் உண்டு. 40 சென்ட்டில் இரண்டு மாடி எழுப்பினால் வகுப்பறைகள் அடங்கிவிடும், திடல் சுருங்கிப்போகும். பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தவும் வழியிருக்காது. மதுரை கொடிக்குளத்தில் ஆயி அம்மாள் என்ற பூரணம் 1 ஏக்கர் 52 சென்ட்டை அரசுப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தாரே, அது பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காகத்தான். அப்படிப்பட்ட கொடைக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் விதிப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் வரை போகலாம். சின்னப் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே படிக்கட்டும், ஏக்கரை மேல் வகுப்புகளுக்கு வைத்துக்கொள்வோம்.

அப்புறம் பணம். பள்ளிக் கல்வித் துறை நிதிதான் கட்டடத்துக்கு உறுதியானது. நபார்டு வங்கிக் கடனில் வகுப்பறைகள் கட்டப்படுவதும் வழக்கம். தாமதமாகும், ஆனால் ஆசிரியர் பணியிடமும் பராமரிப்பும் துறையோடு சேர்ந்தே வரும். 2022-23 பட்ஜெட்டில் 5 ஆண்டுகளுக்கு 7,000 கோடி என்று அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளுக்கானது. புதுப் பள்ளிக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஸ்மார்ட் வகுப்புக்கும் கழிப்பறைக்கும் எளிதில் கிடைக்கும், சாலைக்குக் கிடைப்பது அரிது.

ஏக்கரில் எதைக் கட்டினாலும் சாலை போட வேண்டும், அதற்கு இரண்டு வழி. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. தொகுதி முழுக்க அதைக் கேட்டு வரிசையில் நிற்கும். அரசும் மக்களும் சேர்ந்து செலவு செய்யும் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். 15 லட்சம் மதிப்பீடு என்றால் 5 லட்சம். சுமைதான். ஆனால் 200 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 2,500 ரூபாய், அதைத் தவணையிலும் வாங்கலாம். காசு போட்டவர்கள் சாலை போடும் அன்று பக்கத்தில் நின்று ஜல்லியின் கனத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது: கட்டடம் துறை நிதியில், சாலை நமக்கு நாமேயில், முதலில் சாலை.

எல்லாம் பேசிய பிறகும் ஊர் ஏக்கரைத்தான் தேர்ந்தெடுக்கிறது என்றால், ஒரே நாளில் இரண்டு பத்திரம் பதியுங்கள்: பள்ளி நிலம் அரசுக்கு, பாதை நிலம் ஊராட்சிக்கு. பாதையை உட்பிரிவு செய்து தனி சர்வே எண் வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் நிறைவேற்றும் தீர்மானத்தில் ‘பள்ளிக்குச் செல்லும் வழி’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், அந்த எண்ணையும் அகலத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.