40 ரூபாய் பினாயிலும் பெரிய கம்பெனி பாட்டிலும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர சைக்கிளில் ஒருவர் வருவார். "பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர்" என்று ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும். குடிதண்ணீர் வந்த பழைய பாட்டிலில் ஒரு லிட்டர் வெள்ளைப் பினாயில் 40 ரூபாய். அம்மாவுக்கு அதுதான் பினாயில், மற்றதெல்லாம் விளம்பரம். என் மனைவிக்கு லைசால் இல்லாமல் வீடு துடைத்தால் துடைத்த கணக்கே இல்லை. இந்தச் சண்டையில், தினமும் பக்கெட்டில் கைவிட்டு வீட்டைத் துடைக்கிற அக்காவிடம் எது வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதே கிடையாது. போன ஆறு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்து, அவரிடமும் கேட்டு, எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டு படுக்கையறை, தரை முழுக்க டைல்ஸ், போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உப்பு எக்கச்சக்கம், அதனால் குழாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்.

முதலில் தரை. லூஸ் பினாயிலை ஒரு மாதம், லைசாலை ஒரு மாதம் என்று கொடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளைப் பினாயில் என்பது பெரும்பாலும் பைன் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து வைத்த பால். பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடையில் காம்பவுண்டு என்கிற கெட்டிக் கலவையை வாங்கித் தண்ணீர் சேர்த்து வீட்டிலேயே கலந்து விற்கிறவர்கள் நிறைய, மகளிர் குழுக்களும் செய்கிறார்கள். சரியாகக் கலந்தால் நல்ல பினாயில்தான். ஆனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பது கலந்தவருக்கு மட்டும் தெரியும், ஒரு வாரம் வந்த பாட்டிலுக்கும் அடுத்த வாரம் வந்ததற்கும் வாசனையே வேறு. லைசாலில் அந்தக் குழப்பம் இல்லை. பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி இருக்கிறது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறான், எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்றும் போட்டிருக்கிறான்.

அப்புறம்தான் ஒரு கூத்து தெரிந்தது. அக்கா பக்கெட்டில் லைசால் ஊற்றுவார், கூடவே ஒரு கை சோப்புப் பவுடரையும் போடுவார். "நுரை வந்தாதான் தம்பி அழுக்கு போகும்" என்பது அவர் கட்சி. இரண்டும் நல்லது, சேர்ந்தால் இன்னும் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் விஷயம் தலைகீழ். பென்சால்கோனியம் நேர் மின்னூட்டம் உள்ள பொருள், துணி துவைக்கிற பவுடரில் இருக்கிற சோப்பு எதிர் மின்னூட்டம் உள்ளது, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், கிருமியைக் கொல்ல ஆளே மிஞ்சாது. இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பாட்டிலை ஐந்து ரூபாய் பவுடர் போட்டு அடக்கிக்கொண்டிருந்திருக்கிறோம், எத்தனை வருடமாகவோ. தப்பு கம்பெனி மேலும் இல்லை, அக்கா மேலும் இல்லை, லேபிளைப் படிக்காத எங்கள் மேல்தான். இப்போது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற சமையலறைத் தரையை முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்து, அதன் பிறகுதான் லைசால். அதையும் உடனே காயவிடாமல் கொஞ்ச நேரம் ஈரமாகவே விட வேண்டும். ஃபேனைப் போட்டு அவசரமாகக் காயவைத்தால் வாசனை மட்டும்தான் மிச்சம். மற்ற அறைகளுக்கு தினமும் கிருமிநாசினி எதற்கு என்று யோசித்து, வெறும் தண்ணீரும் வாரம் இரண்டு நாள் பினாயிலும் போதும் என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்குப் பாதி வெற்றி.

டாய்லெட் விஷயத்தில் மட்டும் நான் பிராண்டு பக்கம், அதில் சந்தேகமே இல்லை. சைக்கிள்காரரிடம் வாங்குகிற ஆசிட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், ஹார்பிக்கில் இருப்பதும் அதேதான். ஆனால் ஹார்பிக்கைக் கெட்டியாகச் செய்து, வளைந்த மூக்கு வைத்த பாட்டிலில் கொடுக்கிறான். கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் ஊற்றினால் சுவரோடு ஒட்டி நின்று மெதுவாக இறங்கும், கறை கரைய நேரம் கிடைக்கும். லூஸ் ஆசிட் தண்ணீர் மாதிரி, ஊற்றினதும் நேராகக் குழிக்குப் போய்விடும், போகிற வழியில் கையில் தெறிக்கும், மூக்கில் ஏறும். அதன் வீரியம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்கு அடையாள அட்டை வேண்டும், பதிவேடு வேண்டும் என்று சொல்லி இத்தனை வருடம் ஆகியும் எங்கள் தெருவில் என்னிடம் யாரும் பேர்கூடக் கேட்டதில்லை.

அக்கா ஒரு நாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. "பினாயில் ஒண்ணும் பண்ணாது தம்பி, இந்த ஆசிட்டுதான் கையைத் தின்னுது" என்றார். வேறொரு வீட்டில் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரையும் தூவச் சொல்லியிருக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்திருக்கிறார், மூச்சு முட்டி வெளியே ஓடி வந்திருக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஹார்பிக்கோடு பிளீச்சைச் சேர்த்தாலும் அதேதான், பிராண்டு என்பதற்காக அமிலம் விட்டுவைக்காது. ஆனால் பெரிய கம்பெனி பாட்டிலில் எதோடும் கலக்காதே என்று எழுதியாவது இருக்கும்.

குழாயில் படிகிற உப்புக்கறைக்கு இரண்டுமே வேண்டாம். விலை அதிகமான ஸ்ப்ரே ஒன்று வாங்கிப் பார்த்தேன், சுமாராகப் போனது. சிட்ரிக் ஆசிட், எலுமிச்சை உப்பு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், அதை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்தால் தேய்க்காமலே வருகிறது. கறை பெரும்பாலும் சுண்ணாம்பு, அதற்குப் புளிப்புதான் மருந்து. அதே காரணத்தால் இதை மார்பிள் மேலும் மொசைக் மேலும் விடக் கூடாது, அதுவும் சுண்ணாம்புக் கல்தான், கரையும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பொங்கலுக்கு முன்னால் ஆப்பில் புக் செய்து வீட்டை மொத்தமாகச் சுத்தம் செய்கிற ஒரு சர்வீஸைக் கூப்பிட்டோம். பேர் வேண்டாம். இரண்டு பையன்கள் வந்தார்கள், நன்றாகத்தான் வேலை செய்தார்கள், ஜன்னல் தண்டவாளத்தில் இருந்த மூன்று வருட அழுக்கை எடுத்தார்கள். "பிரீமியம் கெமிக்கல்ஸ்" என்று பில்லில் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். வந்ததோ லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் கேன். என்ன இது என்று கேட்டால், "ஆபீஸ்ல குடுத்தாங்க சார்" என்கிறான் பையன், அவனுக்கும் தெரியாது. அதைப் பூஜை அலமாரியின் மார்பிள் பலகையில் தேய்த்துவிட்டான். காய்ந்ததும் பார்த்தால் பளபளப்பு போய் சாக்பீஸ் மாதிரி ஒரு திட்டு. புகார் கொடுத்தேன், அடுத்த முறைக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அம்மா அந்தத் திட்டின் மேல் குத்துவிளக்கை நகர்த்தி வைத்துவிட்டார்.

அதனால் இப்போது வேலைக்கு யார் வந்தாலும் பொருள் எங்களுடையதுதான். டாய்லெட்டுக்கு ஹார்பிக், தரைக்குச் சமையலறையில் மட்டும் லைசால், மற்ற இடத்துக்கு லூஸ் பினாயில், குழாய்க்கு எலுமிச்சை உப்பு. ஆசிட் வீட்டுக்குள் வருவதே இல்லை. மாதச் செலவு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. மிச்சத்தில் ரப்பர் கையுறை வாங்கினேன். முதலில் வாங்கியது பெரிய சைஸ், அக்கா கையில் நிற்காமல் வழுக்கியது, இரண்டு நாள் போட்டுவிட்டுக் கொடியில் தொங்கவிட்டார். நான்கூட இவர்கள் எதைக் கொடுத்தாலும் போட மாட்டார்கள் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். சின்ன சைஸ் வாங்கிக் கொடுத்ததும் தினமும் போடுகிறார்.

பினாயில் இன்னமும் தண்ணீர் பாட்டிலில்தான் வருகிறது, அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல், வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறாள். போன வாரம் அக்கா பாட்டில் கழுத்தில் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டி, பரண் மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அதை எடுக்க எனக்கே ஸ்டூல் வேண்டியிருக்கிறது.