கணுக்கால் முறிவுக்குப் பிறகு ரப்பர் பட்டை: வாங்கலாம், பச்சை நிறத்தில் தொடங்க வேண்டாம்

மாவுக்கட்டைப் பிரித்ததும் பலரும் பயிற்சிக்காகத் தேடிப்போய் வாங்குவது இந்த ரப்பர் பட்டையைத்தான். நாகர்கோவில் சர்ஜிக்கல் கடைகளில் ‘தெரபேண்ட்’ என்று கேட்டால் போதும். அது ஒரு கம்பெனியின் பெயர். கைக்கு வருவது வேறு கம்பெனிச் சரக்காகவும் இருக்கலாம். அதனால் குறையில்லை, நிறத்தில்தான் ஏமாறுவோம். தெரபேண்டில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு என்ற வரிசையில் இறுக்கம் ஏறும். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சிவப்பு ஏறக்குறைய 1.7 கிலோ, பச்சை 2.1, நீலம் 2.6 கிலோ எதிர்ப்புக் கொடுக்கும். மற்ற கம்பெனிகளின் சிவப்பு இதே சிவப்பாக இருக்காது. கடையிலேயே இழுத்துப் பார்த்து மெலிந்ததை எடுங்கள். ஒன்றரை மீட்டர் தாராளம். வளையமாக ஒட்டி வரும் குட்டிப் பட்டை இந்த வேலைக்கு வசதிப்படாது.

வாங்கிய அன்றே கட்ட வேண்டாம். எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். காலின் இரண்டு எலும்பையும் சேர்த்து ஸ்க்ரூ போட்டிருந்தால், பாதத்தை வெளியே திருப்பும் பயிற்சியைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 6 வாரம் கட்டுக்குள் கிடந்த கரண்டையில் (கணுக்காலில்) வலுவோடு சேர்ந்து போவது பாதத்தை மேலே மடக்கும் அசைவு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏறுகிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும். அதற்குப் பட்டை தேவையில்லை, ஒரு துவர்த்து (துண்டு) போதும்: காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் போட்டு, 30 நொடி இழுத்துப் பிடிக்க வேண்டும், 3 முதல் 5 தடவை. முன்னேற்றத்தை அளக்கச் சுவர் இருக்கிறது. குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முட்டு (முழங்கால்) சுவரைத் தொடும்படி எவ்வளவு தள்ளி நிற்க முடிகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நல்ல காலோடு ஒப்பிட்டால் குறை எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும்.

பட்டையின் வேலை நான்கு திசைகளில். கீழே அழுத்துவது எளிது: இரு நுனியையும் கையில் பிடித்துக்கொண்டு பாதத்தால் மிதிக்க வேண்டியதுதான். மற்ற மூன்றுக்கும் கட்டில் காலில் முடிச்சு. மேலே இழுக்க, கட்டில் கால் நேர் எதிரே. உள்ளே திருப்ப, அடிபட்ட காலுக்கு வெளிப்பக்கம். வெளியே திருப்ப, உட்பக்கம். கெண்டைக்காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தால் குதிகால் உரசாது. 10 முதல் 15 முறை, 2 அல்லது 3 சுற்று. திரும்பி வரும்போது மூன்று எண்ணி மெதுவாக.

பெரும்பாலும் தப்பாவது வெளியே திருப்பும்போதுதான். கணுக்கால் சும்மா இருக்கும், முட்டு திரும்பும். தொடையைக் கையால் அமுக்கிப் பிடித்தால் அசைவு பாதியாகக் குறையும். மிச்சமுள்ள பாதிதான் கணுக்காலின் சொந்த வேலை. இன்னொன்று, இழுக்க இழுக்கப் பட்டை சுருண்டு கயிறாகித் தோலை அறுக்கும். சாக்ஸ் போட்டு, விரல்களுக்குக் கீழே அகலமாக விரித்து வையுங்கள். பிளேட் போட்ட வெளிக்கணுவின் மேல் உரச விடாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் தோலைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த ஊரில் பட்டைக்கு முதல் எதிரி எண்ணெய். வர்ம வைத்தியத் தைலம் தேய்த்த காலோடு பயிற்சி செய்தால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் உறைந்த ரப்பர் பாலை, கையில் உருட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைத்த பிறகே பட்டை. வெயிலில் காயப்போட வேண்டாம், நிழலில் பவுடர் தூவி வையுங்கள். முடிச்சுப் பக்கத்தை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். ஊசிமுனைக் கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். தோல் அரித்தால் லேடக்ஸ் இல்லாத பட்டை கேளுங்கள்.

வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரியான அளவு. மாலையில் வீங்குவது பல மாதம் இருக்கும். கெண்டைக்கால் சூடாகி வீங்கி வலித்தாலோ, பாதம் நிறம் மாறி எரிந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

பத்து நாள், இருபது நாள் பிசியோதெரபி பேக்கேஜ் கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு: 214 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2015இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. சிக்கலில்லாத முறிவில், பிசியோ மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கும் ஒரே ஒரு முறை ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. நல்ல பிசியோவிடம் ஒரு முறை முழுசாகக் கேட்டுக்கொண்டு வீட்டில் ஒழுங்காகச் செய்வதே எங்கள் சிபாரிசு. மூட்டு விலகியவர்கள், பல துண்டாக முறிந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பட்டையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 60 கிலோ உடம்பைத் தூக்கும் கெண்டைக்காலுக்கு 2 கிலோ ரப்பர் எம்மாத்திரம்? முழு எடை ஊன்ற அனுமதி கிடைத்ததும் சுவரைப் பிடித்து இரண்டு காலிலும் குதிகாலை உயர்த்துங்கள். பிறகு இரண்டில் ஏறி ஒன்றில் இறங்குங்கள். பிறகு ஒற்றைக் காலில். கூடவே பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் 30 நொடி நிற்பது. ஒற்றைக் காலில் தொடர்ந்து 20 முறை குதிகாலை உயர்த்த முடிந்த அன்று பட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிடலாம்.